அமெரிக்கப் பள்ளியில் வாசிப்பு நிபுணர் ஆக ஒரு முதுகலைப் பட்டம்: எதற்கு, யாருக்கு, என்ன செலவு?

அமெரிக்கப் பிள்ளைகள் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்பதை அந்நாட்டு அரசு நாடு தழுவிய மதிப்பீடு ஒன்றின் மூலம் தொடர்ந்து கணக்கிடுகிறது. 2024 மதிப்பீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 40 விழுக்காட்டினர் 'அடிப்படை' என்ற கீழ்நிலையைக்கூட எட்டவில்லை. 'தேர்ச்சி' நிலையை எட்டியவர்கள் 31 விழுக்காடு. 2022-ல் இந்த எண்கள் 37, 33 என்று இருந்தன. ('தேர்ச்சி' என்பது வகுப்புக்குரிய சராசரியைவிட உயர்ந்த அளவுகோல். அதை எட்டாத பிள்ளைகள் எல்லோருக்கும் படிக்கவே தெரியாது என்று எழுதும் செய்திகள் தவறானவை.)

இந்த எண்களைச் சுற்றி மூன்று விஷயங்கள் ஒரே காலத்தில் நடக்கின்றன. வாசிப்பை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று ஏறக்குறைய 40 மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டன. அதனால் பள்ளி மாவட்டங்கள் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) 'ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்', 'லிட்டரசி ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயர்களில் ஆள் தேடுகின்றன, பல்கலைக்கழகங்களும் அதற்கான முதுகலைப் படிப்புகளை முன்பைவிட அதிகமாக விளம்பரப்படுத்துகின்றன. இதற்கிடையே முதுகலை மாணவர்களுக்கான கூட்டாட்சிக் கல்விக்கடனுக்கு 2025 ஜூலையில் வந்த சட்டம் ஒன்று உச்சவரம்பு வைத்துவிட்டது.

நியூஜெர்சி, டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற இடங்களில் வாழும் தமிழர்களில் இரண்டு வகையினரை இது நேரடியாகத் தொடுகிறது. ஒன்று, ஊரில் பி.எட். முடித்து ஆசிரியராக இருந்துவிட்டு, இங்கே மறுபடி பள்ளிக்குள் நுழைய வழி தேடுபவர்கள். இன்னொன்று, 'உங்கள் பிள்ளைக்குக் கூடுதல் வாசிப்புப் பயிற்சி தரப் போகிறோம்' என்ற பள்ளிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் பெற்றோர்கள். இந்தக் கட்டுரை முதல் வகையினருக்காகத்தான். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இரண்டாம் வகையினரும் இதில் தெரிந்துகொள்ளலாம்.

பெயர்கள் பல, வேலைகள் மூன்று

வேலை விளம்பரங்களில் வரும் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. 1956-ல் தொடங்கிய சர்வதேச எழுத்தறிவுச் சங்கம் 2017-ல் வெளியிட்ட தரநிலைகள் அவற்றை மூன்றாகப் பிரிக்கின்றன.

1. வாசிப்பு நிபுணர் (ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் அல்லது லிட்டரசி ஸ்பெஷலிஸ்ட்). வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாகவோ சிறு குழுவாகவோ வைத்துக் கற்பிப்பவர். பிரச்சினை எங்கே என்று கண்டுபிடிப்பதும் இவர் வேலை.

2. லிட்டரசி கோச். இவருடைய மாணவர்கள் ஆசிரியர்கள். வகுப்பறையில் உட்கார்ந்து கவனிப்பார், பாடத்தை நடத்திக் காட்டுவார், பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவார்.

3. ஒருங்கிணைப்பாளர். பள்ளி மாவட்டம் முழுவதற்குமான வாசிப்புத் திட்டம், பாடநூல் தேர்வு, தேர்வுத் தரவு ஆகியவை இவர் பொறுப்பு.

சிறிய பள்ளிகளில் முதல் இரண்டு வேலைகளையும் ஒருவரே பார்ப்பார். இவை தவிர 'இன்டர்வென்ஷனிஸ்ட்' என்ற பெயரும் அடிக்கடி வரும். சில இடங்களில் அது வாசிப்பு நிபுணருக்கே இன்னொரு பெயர். வேறு சில இடங்களில் முதுகலையோ நிபுணர் உரிமமோ கேட்காத, சம்பளம் குறைந்த பணி. விளம்பரத்தில் பதவிப் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், எந்த உரிமம் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியர் வேறு. குறைபாடு உறுதிசெய்யப்பட்ட பிள்ளைக்குச் சட்டப்படி எழுதித் தரப்படும் தனித் திட்டத்தின் கீழ் கற்பிப்பவர் அவர்.

நிபுணரின் ஆண்டு பெரும்பாலும் இப்படி நகரும். ஆண்டுத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு பரிசோதனை நடக்கும். ஒரேகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டிபெல்ஸ்' அதில் மிகப் பிரபலமானது. ஒரு நிமிடத்தில் பிள்ளை எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறது என்று அதில் எண்ணுவார்கள். 2017-ல் வெளியான பரவலாகப் பயன்படும் அட்டவணையின்படி, வகுப்பு முடியும் காலத்தில் நடுத்தரப் பிள்ளையின் அளவு முதல் வகுப்பில் 60, இரண்டாம் வகுப்பில் 100, மூன்றாம் வகுப்பில் 112. இந்த அளவுகளுக்கு ரொம்பவும் கீழே இருப்பவர்களை வகுப்பறைப் பாடத்துக்கு மேல் சிறு குழுப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அதுதான் 'இரண்டாம் அடுக்கு'. அதிலும் தேறாதவர்களுக்கு மூன்றாம் அடுக்கு. பள்ளிக் கடிதத்தில் 'டியர் 2', 'டியர் 3' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இரண்டாம் வகுப்பு முடியும்போது ஒரு பிள்ளை நிமிடத்துக்கு 50 சொல் வாசிக்கிறது என்றால், அது மெதுவாக வாசிக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் மெதுவாக வாசிக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. அந்த 'ஏன்'-ஐக் கண்டுபிடிக்கத்தான் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு.

வாசிப்பு என்பது ஒரு பெருக்கல்

இந்தத் துறையில் நுழைகிறவர் முதலில் கற்க வேண்டிய கருத்தை 1986-ல் ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வரியில் எழுதினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு திறன்களையும் 0 முதல் 1 வரை அளப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லாக்கும் திறன் 0.4, மொழி புரிதல் 0.9. கதையை யாராவது படித்துச் சொன்னால் முழுக்கப் புரிந்துகொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும். தானே படி என்றால் தடுமாறும். இரண்டாம் பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லாக்கும் திறன் 0.9, மொழி புரிதல் 0.4. மளமளவென்று வாசித்துவிடும், என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கும். இருவருக்கும் விடை 0.36 தான். மாநிலத் தேர்வில் இருவரும் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள், பள்ளியும் ஒரே அட்டவணையில் ஒரே நிறத்தில் இருவரையும் காட்டும். ஆனால் முதல் பிள்ளைக்கு வேண்டியது எழுத்து-ஒலிப் பயிற்சி. இரண்டாம் பிள்ளைக்கு வேண்டியது சொல்வளமும், உலக அறிவும், நிறையப் பேச்சும். இருவரையும் ஒரே குழுவில் உட்கார வைத்து ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்தால் ஒருவருடைய ஆண்டு நிச்சயம் வீண். அப்படி வீணாகாமல் பார்ப்பதற்குத்தான் நிபுணர்.

எழுத்தைச் சொல்லாக்குவது ஏன் இவ்வளவு பெரிய வேலை என்று தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. தமிழில் எழுத்துகளைக் கற்றுக்கொண்ட பிள்ளை, பொருள் தெரியாத சொல்லைக்கூட ஓரளவு சரியாக உச்சரித்துவிடும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளை எழுதுகிறார்கள். ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்து 'த்ரூ'வில் ஊ ஆகின்றன, 'தோ'வில் ஓ ஆகின்றன, 'ரஃப்'பில் அஃப் ஆகின்றன. இதில் ஒழுங்கு இல்லாமல் இல்லை. ஒலி, எழுத்துச் சேர்க்கை, சொல்லின் வேர், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று பல அடுக்குகளில் அந்த ஒழுங்கு இருக்கிறது. அதைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க, சொல்லிக்கொடுப்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். சரளமாக வாசிக்கும் பெரியவர்கள் பலருக்கு இது தெரியாது. தெரியாமலே நன்றாக வாசிக்க முடிவதால்தான் ஆசிரியர் பயிற்சியில் இந்தப் பகுதி நெடுங்காலம் விடுபட்டுப் போனது.

அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு 2000-ல் தந்த அறிக்கை ஐந்து கூறுகளை முன்வைத்தது: சொல்லுக்குள் இருக்கும் தனித்தனி ஒலிகளைக் காதால் பிரித்தறிவது, எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், பொருள் புரிதல். இன்றைய மாநிலச் சட்டங்கள் பலவற்றுக்கு இந்த ஐந்தும்தான் முதுகெலும்பு.

பழைய சண்டையும் புதிய சட்டமும்

அறிக்கை வந்து கால் நூற்றாண்டு ஆகியும் ஏன் இப்போது சட்டம்? அறிக்கை சொன்னதற்கு எதிரான முறை ஒன்று வகுப்பறைகளில் தொடர்ந்து உயிரோடு இருந்ததுதான் காரணம்.

1967-ல் கென்னத் குட்மன் என்ற கல்வியாளர், வாசிப்பு என்பது ஊகித்துச் செல்லும் செயல் என்று வாதிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் நியூசிலாந்தில் மேரி கிளே பின்தங்கிய பிள்ளைகளுக்கான ஒரு திட்டத்துக்கு அடித்தளம் போட்டார். இவ்விரண்டிலிருந்தும் கிளைத்ததுதான் 'மூன்று குறிப்பு' முறை. தெரியாத சொல் வந்தால் பொருளை வைத்தும், வாக்கிய அமைப்பை வைத்தும், எழுத்தை வைத்தும் ஊகி என்பது அதன் சாரம். படத்தில் சிறு குதிரை இருக்கிறது, கீழே 'போனி' என்று அச்சாகியிருக்கிறது, பிள்ளை 'ஹார்ஸ்' என்று வாசிக்கிறது. பொருள் ஒத்துப்போவதால் பரவாயில்லை என்று இந்த முறை விட்டுவிடும். பிள்ளை அந்தச் சொல்லின் எழுத்துகளையே பார்க்கவில்லை என்பது கவனிக்கப்படாமல் போகும். படம் இல்லாத புத்தகங்கள் வரும் மூன்றாம், நான்காம் வகுப்பில்தான் விபரீதம் தெரியும். தேர்ந்த வாசகர்கள் எழுத்துகளைப் பார்க்கிறார்கள், ஊகிப்பவர்கள் தடுமாறுகிற வாசகர்களே என்று அறிவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன.

ஆர்கன்சா மாநிலம் 2021-ல் இந்த முறையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நியூயார்க் நகரம் 2023-ல் மூன்று பாடத்திட்டங்களைக் குறிப்பிட்டு, தொடக்கப் பள்ளிகள் அவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி, லூசி கால்கின்ஸ் பல பத்தாண்டுகள் நடத்திவந்த வாசிப்பு-எழுத்துத் திட்டத்தை அதே ஆண்டில் மூடியது.

எல்லா மாநிலங்களும் எடுத்துக்காட்டுவது மிசிசிப்பியை. 2013-ல் நான்காம் வகுப்பு வாசிப்பில் அது நாட்டின் கடைசி வரிசையில் இருந்தது. அந்த ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களுக்கு வாசிப்பு அறிவியலில் பயிற்சி, மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநில அரசே அனுப்பும் லிட்டரசி கோச்சுகள், மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவைப்பது ஆகியவை அதில் இருந்தன. தொடக்கத்தில் சொன்ன தேசிய மதிப்பீட்டில் 2024-ல் மிசிசிப்பியின் நான்காம் வகுப்புச் சராசரி 219, நாட்டின் அரசுப் பள்ளிச் சராசரி 214. இதைப் பெரிய வெற்றி என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் அதே அளவு ஏற்றம் வரவில்லை. எழுத்தைச் சொல்லாக்குவது வெகுதூரம் கொண்டுபோய் விட்டது, அதற்கப்புறம் பெருக்கலின் மறுபக்கம் வேலை கேட்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. சட்டம் ஃபோனிக்ஸ் என்கிறது, ஆகவே ஃபோனிக்ஸ் மட்டும் போதும் என்று நினைக்கும் பள்ளி இரண்டாம் பிள்ளையைக் கைவிட்டுவிடும்.

முதுகலைப் படிப்பில் சேர நினைப்பவருக்கு இந்தச் சண்டை ஏன் முக்கியம்? பழைய முறையைக் கற்பித்த பேராசிரியர்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆசிரியர் தரத்துக்கான தேசிய கவுன்சில் என்ற அமைப்பு, தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளை 2023-ல் ஆராய்ந்தபோது, மேலே சொன்ன ஐந்து கூறுகளையும் போதிய அளவு கற்பிப்பவை கால்வாசிதான் என்று கண்டது. பாடத்திட்டத் தாள்களை வைத்தே அந்த அமைப்பு முடிவெடுக்கிறது, வகுப்புக்குள் போய்ப் பார்ப்பதில்லை என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் ஒரே பெயர் கொண்ட இரண்டு பட்டங்கள் எதிரெதிரான இரண்டு கொள்கைகளைக் கற்பிக்கக்கூடும் என்பது உண்மை.

பட்டத்துக்குள் என்ன இருக்கிறது

பட்டத்தின் பெயர் எம்.எட்., எம்.ஏ., எம்.எஸ். என்று எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு). வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்தான் அதிகம் என்பதால் மாலை வகுப்பு, கோடை வகுப்பு, இணையவழி எனப் பிரித்து இரண்டு ஆண்டுகளில் முடிப்பார்கள். பாடங்களும் எல்லா இடத்திலும் ஓரளவு ஒன்றுதான்: மொழியியல் அடிப்படை, எழுத்து-ஒலி அமைப்பு, பரிசோதனையும் கண்டறிதலும், பின்தங்கிய பிள்ளைகளுக்கான பயிற்சி முறை, ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், அறிவியல் வரலாறு போன்ற பாடங்களில் வாசிப்பு, ஆசிரியர்களுக்கு வழிகாட்டுதல், ஆய்வு முறை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கிளினிக் என்று அழைக்கப்படும் நேரடிப் பயிற்சி. என் பார்வையில் இந்தப் பட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு இதற்குத்தான். நல்ல கிளினிக் எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

1. வாசிப்பில் உண்மையிலேயே தடுமாறும் ஒரு பிள்ளை உங்களிடம் ஒப்படைக்கப்படும். பல பல்கலைக்கழகங்கள் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு இதைக் குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ நடத்துகின்றன.

2. முதல் சில சந்திப்புகளில் பரிசோதனை மட்டும். ஒலிகளைப் பிரிக்க முடிகிறதா? பொருளே இல்லாத பொய்ச்சொற்களை வாசிக்க முடிகிறதா? (பொய்ச்சொல்லை ஊகித்து வாசிக்க முடியாது என்பதால் இது நல்ல சோதனை.) எழுத்துப்பிழைகள் என்ன வகை? படித்துக் காட்டினால் புரிகிறதா? இவற்றிலிருந்து ஒரு கருதுகோள் எழுதுவீர்கள்.

3. அந்தக் கருதுகோளின்படி பாடம் எடுப்பீர்கள். பேராசிரியரோ மூத்த நிபுணரோ நேரிலோ காணொளியிலோ பார்த்துவிட்டு, 'இந்த இடத்தில் பிள்ளை இரண்டாவது உயிரொலியில் தவறு செய்தது, நீங்கள் முழுச் சொல்லையும் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள்' என்கிற அளவுக்கு நுணுக்கமாகத் திருத்துவார்.

4. சில வாரங்கள் கழித்து மறுபடி அளப்பீர்கள். முன்னேற்றம் இல்லையென்றால் பிள்ளையைக் குறை சொல்ல இடமில்லை. கருதுகோளை மாற்ற வேண்டும்.

5. கடைசியில் பெற்றோருக்குப் புரியும் மொழியில் ஓர் அறிக்கை எழுதித் தருவீர்கள்.

இந்த ஐந்தில் மூன்றாவது இல்லாவிட்டால் மற்றவை பெரும்பாலும் காகித வேலை. இணையவழிப் படிப்புகள் தம்மளவில் மோசமானவை அல்ல. காணொளியில் பாடத்தைப் பார்த்துத் திருத்தும் நல்ல இணையப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால், 'உங்கள் வகுப்பிலேயே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுதிச் சமர்ப்பியுங்கள்' என்பதோடு கிளினிக்கை முடித்துவிடும் படிப்புக்குப் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொதுவாக முதுகலை முடித்த ஆசிரியர்களிடம் படிக்கும் பிள்ளைகள், முடிக்காதவர்களிடம் படிப்பவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகம் கற்கவில்லை என்றே பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பட்டம் என்ற தாளுக்குத் தானாக எந்தச் சக்தியும் இல்லை. ஆனால் கவனித்துத் திருத்தும் பயிற்சிக்குப் பலன் உண்டு. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கோச் வைத்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கற்பித்தலிலும் மாணவர் தேர்ச்சியிலும் தெளிவான முன்னேற்றம் கண்டது. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்ததையும் அது குறிப்பிட்டது.

பட்டம் வேறு, உரிமம் வேறு

பட்டம் பல்கலைக்கழகம் தருவது. பள்ளியில் அந்தப் பதவியில் அமர மாநிலக் கல்வித்துறையின் உரிமம் வேண்டும். 50 மாநிலங்களுக்கும் விதி ஒன்றல்ல.

1. நியூஜெர்சி: ஆசிரியர் சான்றிதழ், முதுகலைப் பட்டம், இரண்டு ஆண்டு கற்பித்த அனுபவம், குறிப்பிட்ட வாசிப்புத் துறைகளில் 30 முதுகலைக் கிரெடிட்.

2. டெக்சாஸ்: ஆசிரியர் சான்றிதழ், முதுகலைப் பட்டம், இரண்டு ஆண்டு அனுபவம், மாநிலத்தின் வாசிப்பு நிபுணர் தேர்வு.

3. வர்ஜீனியா: வாசிப்பு நிபுணர் படிப்போடு கூடிய முதுகலை, மூன்று ஆண்டு வகுப்பறை அனுபவம், தேர்வு. 2022-ல் வந்த வர்ஜீனியா எழுத்தறிவுச் சட்டமும் அதன் திருத்தங்களும், மழலை வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 550 மாணவருக்கு ஒரு வாசிப்பு நிபுணர் என்று எண்ணிக்கையையே நிர்ணயித்துவிட்டதால் அங்கே தேவை கூடியிருக்கிறது.

மூன்றிலும் பொதுவாக இருப்பது அனுபவம். முதுகலையை முடித்தவுடன் நேரே நிபுணராகிவிட முடியாது. முதலில் ஆசிரியர், பிறகுதான் நிபுணர். ஐ.டி. வேலையிலிருந்தோ நீண்ட இடைவெளிக்குப் பிறகோ இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். வாசிப்பு முதுகலையில் சேர்வதற்கு முன்பு ஆசிரியர் சான்றிதழ் வழியைக் கணக்கில் எடுக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன. சில, சான்றிதழ் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு உரிமத்துக்கு வழிகாட்டாத பட்டத்தை மட்டும் தருகின்றன. சேர்க்கை அலுவலகத்திடம், 'இந்தப் படிப்பை முடித்தால் இன்ன மாநிலத்தில் எனக்கு உரிமத்துக்கான பரிந்துரை கிடைக்குமா?' என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையப் படிப்பு என்றால் இது கட்டாயம்.

இந்தியாவில் படித்தவர்கள், அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒவ்வொரு பாடமாக மதிப்பிட்ட அறிக்கை வாங்க வேண்டியிருக்கும். பி.எட். எந்த அளவு ஏற்கப்படும், ஊரில் கற்பித்த ஆண்டுகள் கணக்கில் சேருமா என்பதை மாநிலக் கல்வித்துறைதான் சொல்ல முடியும், பல்கலைக்கழகம் அல்ல. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர் படிக்கத் தடையில்லை. சம்பளம் வாங்கும் வேலைக்கு வேலை அனுமதி வேண்டும். ஆக, படிப்பை முடித்துவிட்டு அந்த இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பணம் கட்டும் முன்பே விடை இருக்க வேண்டும்.

செலவும் கடனும்

கட்டணம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். உதாரணத்துக்கு 33 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால், கிரெடிட்டுக்கு 600 டாலர் வாங்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் 19,800 டாலர். 1,500 டாலர் வாங்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் 49,500 டாலர். பள்ளி மாவட்டத்தின் பார்வையில் இரண்டு பட்டமும் சமம்.

ஏன் சமம்? அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் சம்பளம் ஓர் அட்டவணைப்படி வரும். பணியாண்டு கூடினால் ஒரு படி, முதுகலை முடித்தால் ஒரு தடம். வாசிப்பு நிபுணரும் பெரும்பாலான இடங்களில் அதே ஆசிரியர் அட்டவணையில்தான் வருகிறார். ஆகவே சம்பள உயர்வு முதுகலைக்குக் கிடைப்பது, நிபுணர் பதவிக்குத் தனியாகக் கிடைப்பது அரிது. அந்த உயர்வும் எல்லா மாநிலத்திலும் நிலையானதல்ல. வட கரோலினா 2013-ல் முதுகலைக்கான கூடுதல் சம்பளத்தைப் புதியவர்களுக்கு நிறுத்த முடிவெடுத்தது. உங்கள் மாவட்டத்தின் அட்டவணையை எடுத்து, உயர்வு எத்தனை ஆண்டில் கட்டணத்தை ஈடுகட்டும் என்று கணக்குப் பாருங்கள்.

2025 சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவர்களுக்கு முழுச் செலவையும் ஈடுகட்டிய 'கிராட் பிளஸ்' கடன் இல்லை. ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்பது உச்சவரம்பு. மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்கு உள்ள உயர்ந்த வரம்பு கல்வியியல் முதுகலைக்குக் கிடையாது. கூடவே, முழுநேரமாகப் படிக்காதவர்களுக்கு ஆண்டு வரம்பும் அதே விகிதத்தில் குறைகிறது. இந்தப் படிப்பில் பகுதிநேர மாணவர்களே அதிகம் என்பதால் உண்மையில் அடி விழுவது இங்கேதான். விலையுயர்ந்த படிப்புகளைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் 'டீச்' மானியம் என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் வாசிப்பு நிபுணர் என்ற துறை பெயரோடு இடம்பெறுகிறது. ஆண்டுக்கு 4,000 டாலர் வரை, முதுகலைக்கு மொத்தம் 8,000 வரை கிடைக்கும். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ போன்ற தகுதி வேண்டும். படிப்பை முடித்த எட்டு ஆண்டுக்குள் வருமானம் குறைந்த பகுதிப் பள்ளியில் நான்கு ஆண்டு முழுநேரம் பணியாற்ற வேண்டும். தவறினால், பணம் கொடுத்த நாளிலிருந்து வட்டியோடு அது கடனாக மாறிவிடும். அப்படிப்பட்ட பள்ளியில் வேலை பார்க்கும் எண்ணம் உறுதியாக இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை

வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளை வாசிப்பில் பின்தங்கினால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இன்னும் போதிய அளவு வரவில்லை, அல்லது எழுத்தைச் சொல்லாக்குவதில் உண்மையான சிக்கல் இருக்கிறது. முன்னதற்கு ஆங்கில மொழிக் கற்பித்தல் போதும். பின்னதற்கு அது போதாது. தமிழில் ப, ப்ப, ம்ப என்ற இடங்களைப் பொறுத்து ஒலி மாறுகிறதே தவிர, ஆங்கிலத்தில் 'பேப்பர்' என்பதன் முதல் ஒலிக்கும் 'பால்' (பந்து) என்பதன் முதல் ஒலிக்கும் இருப்பதுபோலத் தனித்தனி எழுத்துகள் இல்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஒலிகளைப் பிரிக்கும் சோதனையில் இங்கே தடுக்கினால், அதைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு மொழிகளின் ஒலியமைப்பும் தெரிந்த ஒரு தமிழ் நிபுணர் இந்த வித்தியாசத்தை உடனே பிடிப்பார்.

எதிர்த் தவறும் நடக்கிறது. 'வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள், போகப் போகச் சரியாகிவிடும்' என்று டிஸ்லெக்சியா (எழுத்தைச் சொல்லாக்குவதில் உள்ள கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளையை ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது. சரிபார்க்க ஒரு எளிய வழி, பிள்ளை தமிழில் ஒலிகளைப் பிரித்து விளையாட முடிகிறதா என்று பார்ப்பது. தமிழிலும் அது முடியவில்லை என்றால் ஆங்கிலம் மட்டும் காரணமல்ல.

பெற்றோருக்கு ஒரு சட்டத் தகவல். பள்ளி இரண்டாம், மூன்றாம் அடுக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருக்கிறது என்பதைக் காரணம் காட்டி, சிறப்புக் கல்வித் தகுதிக்கான மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித்துறை 2011 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் மதிப்பீடு வேண்டும் என்று பெற்றோர் எழுத்தில் கேட்கலாம்.

அந்தப் பதவிக்கு யார் பணம் தருகிறார்கள்

கொரோனாவுக்குப் பின் கூட்டாட்சி அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த நிவாரணம் ஏறக்குறைய 190 பில்லியன் டாலர். பல மாவட்டங்கள் அந்தப் பணத்தில் வாசிப்புப் பயிற்சியாளர்களை நியமித்தன. கடைசித் தவணையை ஒதுக்கும் கெடு 2024 செப்டம்பர் 30-ல் முடிந்ததும் அவற்றில் பல பதவிகள் காணாமல் போயின. சட்டங்கள் கூடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் சிலர் வேலை இழந்தது இதனால்தான்.

ஆகவே நேர்காணலில் பதவிக்கான நிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அநாகரிகம் அல்ல. மாவட்டத்தின் சொந்த நிதி, அல்லது வர்ஜீனியா போல மாநிலச் சட்டமே எண்ணிக்கையை நிர்ணயித்து அதற்கு நிதி தரும் பதவி என்றால் ஓரளவு உறுதி. 1965 முதல் ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு வரும் 'டைட்டில் 1' நிதி என்றால், பள்ளியின் மாணவர் வருமானக் கணக்கு மாறும்போது பதவியும் வேறு பள்ளிக்கு நகரலாம். குறுகிய கால மானியம் என்றால், அது எந்த ஆண்டில் முடிகிறது, முடிந்தபின் வகுப்பு ஆசிரியராகத் திரும்ப இடம் உண்டா என்று கேட்டு, பதிலை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.